அண்மை விளியும் சேய்மை விளியும்: தமிழ்த் திரையில் கேமராவின் தூரம்

தமிழ்த் திரைப்பட வரலாறு இதுவரை பெரும்பாலும் காதால் எழுதப்பட்டிருக்கிறது. எந்தப் படத்தில் எத்தனை பாடல்கள், பாடியவர் யார், வசனம் யாருடையது, நீண்ட வசனத்தை எந்த நடிகர் மூச்சு விடாமல் பேசினார் என்பதெல்லாம் நமக்கு மனப்பாடம். பாட்டுப் புத்தகங்களைச் சேகரிப்பவர்கள் இருக்கிறார்கள். கதை வசன நூல்கள் பழைய புத்தகக் கடைகளில் இன்னும் கிடைக்கின்றன. வானொலியில் ஒலிச்சித்திரம் கேட்டே 'பராசக்தி'யைப் பார்த்து முடித்தவர்கள் எனக்கு முந்தைய தலைமுறையில் ஏராளம். என் தலைமுறையிலும் சிலர் உண்டு. நீதிமன்றக் காட்சியில் குணசேகரன் என்ன பேசினான் என்று கேட்டால் அவர்கள் தடங்கலின்றிச் சொல்வார்கள். அவன் பேசும்போது கேமரா எவ்வளவு தூரத்தில் நின்றது என்று கேட்டால் பதில் இராது. இது அவர்களுடைய குறையன்று. அப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்பதையே நம் திரை விமரிசன மரபு அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை.

அந்தக் கேள்வியின் வரலாற்றைக் கொஞ்சம் தொட்டுப் பார்க்க முடியுமா என்பதே இக்கட்டுரை.

படப்பிடிப்புத் தளத்தில் லாங் ஷாட், மிட் ஷாட், க்ளோஸ் அப் என்பார்கள். பாடநூல் தமிழில் இவை சேய்மைக் காட்சி, இடைநிலைக் காட்சி, அண்மைக் காட்சி. ஆளும் அவனைச் சூழ்ந்த இடமும் முழுதாகத் தெரிவது முதலாவது. இடுப்புக்கு மேலே தெரிவது இரண்டாவது. முகம் மட்டும் திரையை நிரப்புவது மூன்றாவது. இவற்றோடு உயரக் கணக்கும் உண்டு: மேலிருந்து பார்ப்பது டாப் ஆங்கிள், தாழ்ந்து நின்று அண்ணாந்து பார்ப்பது லோ ஆங்கிள். ஒருவருடைய தோளுக்குப் பின்னாலிருந்து எதிரே இருப்பவரின் முகத்தைக் காட்டுவதைக் கோடம்பாக்கத்தில் 'சஜஷன்' என்று சொல்வது வழக்கம். தோளின் விளிம்பு மட்டும் தெரிகிறது, ஆள் இருக்கிறான் என்பதை நாம் குறிப்பாக உணர்ந்துகொள்கிறோம். குறிப்புப் பொருள் என்று நாம் வகுப்பில் மணிக்கணக்காக விளக்குவதை யாரோ ஒரு கேமரா உதவியாளர் ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

தமிழ் படித்தவனுக்கு இந்த மூன்று தூரங்களும் புதியவை அல்ல. சுட்டெழுத்து மூன்று: இகரம் அண்மையையும் அகரம் சேய்மையையும் உகரம் இரண்டுக்கும் இடைப்பட்டதையும் சுட்டும். உகரச் சுட்டு தமிழகப் பேச்சிலிருந்து போய்விட்டது. யாழ்ப்பாணத் தமிழில் மட்டும் உவன், உது என்று இன்றும் உயிரோடிருக்கிறது. ஆனால் இங்கே எனக்குப் பயன்படுவது சுட்டைவிட விளி. அருகில் இருப்பவரை அழைக்கும்போது பெயர் இயல்பாக நிற்கும், தொலைவில் இருப்பவரை அழைக்கும்போது ஓசை நீளும் என்கிறது தொல்காப்பியத்தின் விளிமரபு. தூரம் என்பது குரலின் அளவை மாற்றும் என்பதை இலக்கணமே ஒப்புக்கொள்கிறது. தமிழ்த் திரையின் முதல் ஐம்பது ஆண்டுச் சிக்கலை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை: கேமரா அண்மைக்கு வந்துவிட்டது, குரல் சேய்மை விளியிலேயே நின்றுவிட்டது.

இடையில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நெடுநல்வாடையில் மழை நனைத்த வெளியிலிருந்து தொடங்கி, நகர், அரண்மனை, கட்டில், தனித்திருக்கும் அரசி என்று நெருங்கி வந்து, பிறகு சட்டென்று பாசறைக்குத் தாவும் அமைப்பைச் சுட்டி, நக்கீரர் அக்காலத்திலேயே கேமரா வைத்திருந்தார் என்று மேடையில் முழங்குவது நம்மவர்களின் பழக்கம். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. நக்கீரருக்குக் கேமரா தேவைப்படவில்லை. அத்தகைய கவிதையைப் பெற்றிருந்த மொழி, கேமரா கைக்கு வந்த பிறகும் அதை நெடுங்காலம் ஒரே இடத்தில் நட்டு வைத்திருந்தது ஏன் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

விடை நாடகக் கொட்டகையில் இருக்கிறது. சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து நாடகத்தில் ஒலிபெருக்கி கிடையாது. கடைசி வரிசையில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருப்பவனுக்கு எட்ட வேண்டுமென்றால் தொண்டை அந்தத் தூரம் போயாக வேண்டும். முகபாவம் அங்கே எட்டாது. பாட்டும் வசனமும் கையசைவும்தான் எட்டும். பேசும்படம் வந்ததும் இந்த நடிகர்களே நாடகங்களோடு திரைக்கு வந்தார்கள். கேமரா, முன்வரிசைப் பிரமுகரின் நாற்காலியில் அமர்ந்துகொண்டது. திரையில் தெரிவது மேடையின் அகலம், நடிகர் நம்மை நோக்கியே நிற்பார், பாடி முடித்துவிட்டு வெளியேறுவார்.

இதில் அழகியல் மட்டுமில்லை, இயந்திரக் காரணமும் உண்டு. தொடக்க காலத்தில் பாட்டும் பேச்சும் படப்பிடிப்பின்போதே பதிவாக வேண்டும். ஒலிவாங்கியைவிட்டு நடிகர் அதிகம் நகர முடியாது; கேமராவின் இரைச்சல் ஒலிவாங்கிக்குள் போய்விடாமல் அதை மூடிப் பொதிந்து வைக்க வேண்டும். 1934இல் கே. சுப்ரமணியம் 'பவளக்கொடி'யை அடையாற்றில் மீனாட்சி சினிடோனில் எடுத்தபோது விளக்கு வசதி இல்லாமல் வெயிலிலேயே எடுத்தார்கள். மேகம் வந்தால் வேலை நிற்கும். சாப்பாட்டுக்குக் கூடும் காக்கைகளின் கரைச்சல் ஒலிப்பதிவில் ஏறிவிடும் என்பதால் அவற்றை விரட்டவே ஓர் ஆளை வைத்திருந்ததாகச் சொல்வார்கள். தியாகராஜ பாகவதரின் முதல் படம். ஏறத்தாழ ஐம்பது பாடல்கள். இத்தனைக்கும் நடுவில் கேமராவை இடம் மாற்றி வைக்க யாருக்குப் பொறுமை இருந்திருக்கும்? பின்னாளில் நெப்டியூனாகவும் சத்யா ஸ்டூடியோவாகவும் பெயர் மாறியது அந்த இடம்தான். 1938இல் 'நந்தகுமார்' படத்தில் பின்னணி பாடும் முறை வந்தபோதுதான் கேமராவின் கால்கட்டு தளர்ந்தது. பாடுகிறவர் வேறு, வாயசைக்கிறவர் வேறு என்றான பிறகு வாயசைக்கிறவரை எவ்வளவு தூரத்திலிருந்தும் எடுக்கலாம். பின்னணிப் பாடலை நாம் இசை வரலாற்றில் மட்டும் சேர்த்து வைத்திருக்கிறோம். அது ஒளிப்பதிவு வரலாற்றிலும் ஒரு திருப்பம்.

பேசாப்பட காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சொல்ல முடியாது என்பதே சரி. மோட்டார் உதிரிபாக வணிகரான நடராஜ முதலியார் புனேயில் ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஒளிப்பதிவாளரிடம் கேமராவைக் கையாளக் கற்றுக்கொண்டு, சென்னை திரும்பி, புரசைவாக்கம் மில்லர்ஸ் சாலையில் ஸ்டூடியோ அமைத்து, 1917-18இல் 'கீசக வத'த்தை எடுத்தார். அதில் ஓர் அடிகூட மிஞ்சவில்லை. தென்னிந்தியப் பேசாப்படங்களில் புனே ஆவணக் காப்பகத்தில் எஞ்சியிருப்பது 1933இன் 'மார்த்தாண்ட வர்மா' ஒன்றே. திரௌபதியை முதலியார் எவ்வளவு நெருங்கிப் பார்த்தார் என்பதை இனி யாராலும் அறிய இயலாது.

முகத்தை முதலில் தீர ஆராய்ந்து பார்த்தவர் தமிழ் தெரியாத ஒருவர் என்பதில் எனக்கு வியப்பில்லை. எல்லிஸ் ஆர். டங்கன் 1935இல் அமெரிக்காவிலிருந்து வந்தார். 'சதி லீலாவதி' (1936) தொடங்கி 'மந்திரி குமாரி' (1950) வரை அவர் இயக்கிய படங்களின் வசனம் எதுவும் அவருக்கு நேரடியாகப் புரிந்திருக்காது. கேட்க முடியாதவன் பார்த்துத்தானே ஆக வேண்டும்? 1945இன் 'மீரா'வுக்காக அவரும் ஒளிப்பதிவாளர் ஜிதன் பானர்ஜியும் செய்தது நம் திரை வரலாற்றின் மிக அழகான வேலைகளில் ஒன்று. எம். எஸ். சுப்புலட்சுமியின் முகத்தைப் பிளாஸ்டரில் மார்பளவுச் சிலையாக வார்த்து, அதன்மீது பல கோணங்களிலும் உயரங்களிலும் விளக்கைப் பாய்ச்சி, எந்த ஒளியில் எந்தப் பக்கம் எப்படித் தெரிகிறது என்று சோதித்துப் பார்த்து, பிறகே படப்பிடிப்புக்குப் போனார்கள். இந்தியாவின் மகத்தான குரல்களில் ஒன்றைப் படமாக்க வந்தவர்கள் பேசாத, பாடாத ஒரு பிளாஸ்டர் தலையோடு உட்கார்ந்திருந்தார்கள். 'மீரா'வின் அண்மைக் காட்சிகளைப் பார்க்கும்போது எனக்குக் கற்பூர ஆரத்தி நினைவுக்கு வரும். கருவறை இருட்டில் மூர்த்தம் நமக்குச் சேய்மைக் காட்சிதான். அர்ச்சகர் தீபத்தை உயர்த்தும் அந்தச் சில நொடிகளில் முகம் மட்டும் அருகே வந்துவிடுகிறது. அண்மைக் காட்சி தமிழனுக்கு அமெரிக்கர் கொண்டுவந்த புதுமை என்று சொல்வதற்கு முன் இதையும் யோசிக்கலாம்.

சேய்மைக் காட்சியின் பக்கம் 'சந்திரலேகா' (1948) நிற்கிறது. கமல் கோஷ் ஒளிப்பதிவு செய்த முரசு நடனம் அருகில் போனால் ஒன்றுமில்லை, எட்டி நின்றால்தான் வரிசை தெரியும். எஸ். எஸ். வாசன் போட்ட பணம் அந்தத் தூரத்தில்தான் கண்ணுக்குப் புலப்படும். அதற்குமேல் அதில் தோண்டுவதற்கில்லை.

உண்மையில் நின்று பார்க்க வேண்டிய இடம் 1952க்கும் 1954க்கும் இடைப்பட்ட ஏவிஎம் ஸ்டூடியோ. 'பராசக்தி' 1952 தீபாவளிக்கு வந்தது, 'அந்த நாள்' 1954 ஏப்ரலில். இரண்டிலும் நாயகன் சிவாஜி கணேசன். இரண்டுக்கும் ஒளிப்பதிவு எஸ். மாருதி ராவ். ஒரே ஸ்டூடியோ, ஒரே நடிகர், ஒரே ஒளிப்பதிவாளர், இடைவெளி ஒன்றரை ஆண்டு. ஆய்வுக்கூடத்தில் வேண்டுமென்றே அமைத்தாலும் இப்படியொரு சோதனை வாய்க்காது.

'பராசக்தி'யில் மாருதி ராவின் கேமரா மு. கருணாநிதியின் தமிழுக்குப் பணிந்து நிற்கிறது. நீதிமன்றக் கூண்டு, அதில் நாயகன், பெரும்பாலும் இடுப்பளவு அல்லது மார்பளவு. கேட்பவர் முகத்துக்கு அவ்வப்போது போய்வரும், மீண்டும் பேசுபவரிடம் வந்துவிடும். இடைநிலைக் காட்சி என்பது மேடைப் பேச்சாளரின் தூரம்: பேசுபவனின் கையும் தெரியும், முகமும் தெரியும். அக்குரல் கூண்டுக்குள் இருக்கும் நீதிபதிக்கானதன்று. கொட்டகையின் கடைசி வரிசைக்கும் அதற்கு அப்பால் ஒரு நாட்டுக்கும் உரியது. அது சேய்மை விளி. அதைக் குறை சொல்கிறேன் என்று யாரும் கொள்ள வேண்டாம். அந்தக் குரலுக்கு முன்னால் கேமரா அலைபாய்ந்திருந்தால் படம் கெட்டிருக்கும். பணிந்து நிற்பதும் ஓர் ஒளிப்பதிவு முடிவுதான்.

அதே ஆண்டின் தொடக்கத்தில் இந்தியாவின் முதல் சர்வதேசத் திரைப்பட விழா சென்னை உள்ளிட்ட நகரங்களில் நடந்தது. குரோசாவாவின் 'ரஷோமோன்' அந்த விழாவின் வழியாகத்தான் இந்தியாவுக்கு வந்தது. வீணைக் கலைஞர் எஸ். பாலசந்தர் அதைத் திரைப்பட விழாவில் பார்த்தார். 'அந்த நாள்' அதன் விளைவு. பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டை இல்லை. இசை மேதை ஒருவர் தமிழின் முதல் பாடலில்லாப் படத்தை எடுத்தார் என்பதை நாம் விநோதமாகச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போய்விடுகிறோம். அவருக்கு ஓசையின் மதிப்புத் தெரிந்திருந்ததால்தான் அதை எங்கே நிறுத்த வேண்டும் என்பதும் தெரிந்திருந்தது என்று எனக்குப் படுகிறது. 1943இல் சென்னைமீது ஜப்பானிய விமானம் குண்டு வீசிய நாளின் பின்னணியில், தன் வீட்டிலேயே சுடப்பட்டுச் சாகும் வானொலிப் பொறியாளன் ராஜனோடு படம் தொடங்குகிறது. பதினெட்டு மாதங்களுக்கு முன் தமிழ்நாட்டையே பேசிப் பிரமிக்க வைத்த நடிகர் இங்கே பேசுவதற்கு முன்பே செத்து விழுகிறார். பிறகு மனைவி, தம்பி, அண்டைவீட்டார் என்று ஒவ்வொருவர் சொல்லும் கதையிலும் ஒரு வேறு ராஜன். வசனத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் இவர்களில் யாரை நம்புவதென்று தெரியாது. நிழல் எங்கே விழுகிறது, ஒருவர் பேசும்போது கேட்பவரின் கண் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது. ஒலிச்சித்திரமாக இந்தப் படம் பாதிகூடத் தேறாது.

அன்றைய பார்வையாளர்கள் ஏமாற்றம் அடைந்தார்கள். படம் பெரிதாக ஓடவில்லை. பாலசந்தர் ஓய்ந்துவிடவில்லை. 1964இல் 'பொம்மை' படத்தின் முடிவில் அவரே திரையில் தோன்றி, படத்தில் பணியாற்றிய தொழில்நுட்பக் கலைஞர்களை ஒவ்வொருவராகப் பார்வையாளருக்கு அறிமுகம் செய்துவைத்தார்.

அந்த மரியாதை வேறெங்கும் தொடரவில்லை என்பதை அறிய நான் வெகுதூரம் போக வேண்டியதில்லை. நான் குடியிருக்கும் தியாகராய நகர், 1920களில் மாம்பலத்து நெடிய ஏரியைத் தூர்த்து எழுப்பிய ஊர். சினிமாக்காரர்கள் இங்கே வந்து குடியேறினார்கள். ஹென்ஸ்மன் சாலை கண்ணதாசன் சாலை ஆயிற்று. தெற்கு போக் சாலை செவாலியே சிவாஜி கணேசன் சாலை ஆயிற்று. ஆற்காடு தெருவில் எம்.ஜி.ஆர். நினைவு இல்லம். ஜி. என். செட்டி சாலைச் சந்திப்பில் 1969 பொங்கலன்று அண்ணா திறந்துவைத்த கலைவாணர் சிலை. ஹபிபுல்லா சாலையில் நடிகர் சங்கம். பாடலாசிரியர், நடிகர், நகைச்சுவையாளர் எல்லோரும் இருக்கிறார்கள். ஒளிப்பதிவாளர் ஒருவர் பெயரில் ஒரு தெருவையோ சிலையையோ இத்தனை ஆண்டுகளில் இங்கே நான் கண்டதில்லை. மாருதி ராவின் பெயரைத் தமிழ் முதுகலை மாணவர்களிடம் சொன்னால், அவர் இசையமைப்பாளரா என்று கேட்கிறார்கள்.

அறுபதுகளில் ஸ்ரீதரும் ஏ. வின்சென்ட்டும் கேமராவை நடிகரின் பக்கத்தில் கொண்டுவந்து, பேச்சின் ஒலியைத் தணித்தார்கள். 'கல்யாணப் பரிசு' (1959), ஒரே மருத்துவமனை அரங்கில் எடுத்த 'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962) இரண்டிலும் இதைக் காணலாம். எழுபதுகளில் ஜூம் லென்ஸ் கையில் கிடைத்ததும் ஆளாளுக்கு அதை இழுத்து முன்னும் பின்னும் விளையாடினார்கள். நடந்துபோய்ப் பார்ப்பதற்கும் நின்ற இடத்திலிருந்தே தொலைநோக்கியில் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடு அந்த ஆரவாரத்தில் மறந்துபோயிற்று. 1973இல் 'ராஜராஜ சோழன்' தமிழின் முதல் சினிமாஸ்கோப்பாக வந்து திரை அகன்றபோது, முகத்தின் இருபுறமும் மிஞ்சிய வெற்றிடத்தை என்ன செய்வதென்ற புதுத் தொல்லையும் சேர்ந்துகொண்டது.

1977க்குப் பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரிந்த கதை: '16 வயதினிலே'யில் நிவாஸ், 'முள்ளும் மலரும்' (1978) படத்தில் பாலு மகேந்திரா, 'உதிரிப்பூக்க'ளிலும் (1979) 'நெஞ்சத்தைக் கிள்ளாதே'யிலும் (1980) அசோக்குமார், சில ஆண்டு கழித்து 'நாயகன்' (1987) படத்தில் பி. சி. ஸ்ரீராம். 'தங்கப்பதக்கம்' (1974) வசனத்தால் பெயர்பெற்ற மகேந்திரன், தாமே இயக்கத் தொடங்கியதும் முதல் வேலையாக வசனத்தைக் குறைத்தார் என்பதை மட்டும் இங்கே சொல்லி வைக்கிறேன். வேலு நாயக்கரின் கண்கள் பல காட்சிகளில் நிழலுக்குள் இருக்கின்றன. ஒளி மேலிருந்து விழுகிறது. முகத்தருகே வந்தும் முகத்தை முழுதாகக் காட்டாமலிருக்கும் அண்மைக் காட்சியை ரசிகர்கள் அந்தப் படத்தில் கைதட்டி ஏற்றுக்கொண்டார்கள்.

என்றாலும் என் மனம் 'வீட்டி'லேயே (1988) நிற்கிறது. பாலு மகேந்திரா சாலிகிராமத்தில் ஒரு கட்டடத்தை மெய்யாகவே எழுப்பியபடி அதைப் படமாக்கினார். முருகேசன் என்ற முதியவராக நடித்தவர் சொக்கலிங்க பாகவதர். நாடக மேடையில் பாடிப் பழுத்தவர்; சேய்மை விளியிலேயே வாழ்க்கையைக் கழித்த தொண்டை. பேத்தி கட்டிக்கொண்டிருக்கும் வீட்டைப் பார்த்துவரத் தனியாகக் கிளம்பும் காட்சியில் அவருக்கு வசனமே இல்லை. வெயிலில் குடையோடு மெல்ல நடந்து வருகிறார். பூசாத சுவரைக் கையால் தடவிப் பார்க்கிறார். ஒவ்வொரு அறையாகப் போகிறார். கேமரா அவரை அவசரப்படுத்துவதில்லை, முகத்துக்குள் புகுந்து கண்ணீரைத் தேடுவதில்லை. முன்பு நம் திரையில் ஆளும் வாய்விட்டுப் பேசினான், கேமராவும் நெருங்கிப் போயிற்று. இங்கே ஆள் வாய் திறக்கவில்லை, கேமராவும் விலகி நிற்கிறது. நமக்கு மட்டும் அந்த மனிதர் மிக அருகில் இருக்கிறார். நாடகக் கொட்டகையிலிருந்து புறப்பட்ட ஒரு நடிப்பு மரபு போய்ச்சேர்ந்த இடம் அந்தப் பூசாத சுவர் என்று நினைக்கிறேன்.

எங்கள் பகுதியின் ரங்கநாதன் தெருவில் சேய்மைக் காட்சி எடுக்க வழியில்லை. விலகி நிற்க இடமிருந்தால்தானே? தீபாவளிக்கு முந்தைய வாரம் நாளிதழ்களில் அந்தத் தெருவின் படம் தவறாமல் வரும். எப்போதும் மாடியிலிருந்து எடுத்ததாகவே இருக்கும், வெறும் தலைகள். காவல்துறையின் கண்காணிப்புக் கோபுரமும் கேமராக்களும் பார்ப்பது அதே டாப் ஆங்கிளில்தான். 2010இல் வசந்தபாலனின் 'அங்காடித் தெரு'வில் ரிச்சர்ட் எம். நாதனின் கேமரா கீழே இறங்கி, அந்தத் தலைகளில் இரண்டுக்கு முகம் கொடுத்தது. துணிக்கடையில் நாள் முழுதும் நின்றுகொண்டே வேலை பார்க்கும் பிள்ளைகளை நான் தினமும் கடந்து போகிறேன். அந்தப் படத்துக்குப் பிறகு அவர்களுடைய கால்களைப் பார்க்காமல் போக முடிவதில்லை.

பாலு மகேந்திரா தம் கடைசி ஆண்டுகளில் மேடைதோறும் ஒன்றைச் சொல்லி வருந்தினார். 'வீடு', 'சந்தியா ராகம்' போன்ற தம் படங்களின் நெகட்டிவ்கள் இன்று இல்லை, தமிழ்நாட்டுக்கென்று ஒரு திரைப்பட ஆவணக் காப்பகம் வேண்டும் என்று. 2014இல் அவர் மறைந்தார். 'கீசக வதம்' அழிந்ததற்குக் காலத்தையும் தீப்பற்றும் பிலிமையும் காரணம் சொல்லலாம். 1988இல் வந்த படத்துக்கு என்ன காரணம் சொல்வது?

நெகட்டிவ் இல்லாத படங்களை இப்போது இணையத்தில் யாரோ ஏற்றிய பிரதிகளில் பார்க்கிறோம். பழைய படங்களின் சட்டகம் ஏறக்குறையச் சதுரமானது; இன்றைய தொலைக்காட்சியின் திரை அகலமானது. சட்டகத்தை அகலத்திரைக்குப் பொருத்துவதற்காக ஒன்று பக்கவாட்டில் இழுத்து எல்லோரையும் பருமனாக்கிவிடுகிறார்கள், அல்லது மேலும் கீழும் வெட்டிவிடுகிறார்கள். வெட்டினால் சேய்மைக் காட்சி இடைநிலையாகிறது, இடைநிலைக் காட்சி அண்மையாகிறது. ஓர் ஒளிப்பதிவாளர் யோசித்து வைத்த தூரத்தை, ஏற்றுகிறவர் ஒரு பொத்தானில் மாற்றிவிடுகிறார். அண்மையில் அப்படியொரு பிரதியில் 1950களின் படம் ஒன்றைப் பார்த்தேன். நாயகனின் நெற்றி புருவத்துக்கு மேலே இல்லை, நாயகியின் கைகள் இல்லை. வசனம் மட்டும் ஓர் எழுத்துகூடச் சிதையாமல் கணீரென்று கேட்டது.